முப்பத்து மூன்றாவது சொல்

மொத்தம் நாற்பது சொற்கள். கிரண் சார் ஆங்கில அகரவரிசையில் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு விளக்கம், அதன் கீழே ஓர் உதாரணம். எழுத வேண்டியவள் நான். 1998 ஜூன் மாதம்.

எங்கள் கம்பெனி ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில், கே.ஆர். புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்தார்கள். நான் ஸ்டோர்ஸில் கிளார்க். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனால் அப்பா ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பெலும்பு உடைந்து வீட்டோடு இருந்தார். மர்பி டவுனில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த முனிகிருஷ்ணன் மாமாதான் மேனேஜரிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். ஒரு வருடம் டெம்பரரி. அதற்குப் பிறகு பெர்மனென்ட் ஆக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள்.

மாமா அந்த ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருடமாக இருந்தார். எந்த நட்டு எந்த ரேக்கில் என்று கேட்டால் பார்க்காமலே கையை நீட்டுவார். ரிடையர் ஆக நான்கு வருடம் பாக்கி.

அந்த வருடம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுடைய பாதிப் பங்கை வாங்கியது. ஸ்டோர்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுக்க ஒரு கன்சல்டிங் கம்பெனியிலிருந்து கிரண் சார் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சப்ளை செயின் என்ற வார்த்தையை நாங்கள் முதலில் அவர் வாயிலிருந்துதான் கேட்டோம்.

"இங்க ஸ்டோர்ஸ்ல ஒரு பேரு, லைன்ல ஒரு பேரு, பர்ச்சேஸ்ல வேற பேரு. கம்ப்யூட்டருக்கு அது புரியாது மகா. எல்லாரும் ஒரே வார்த்தை பேசணும். அதுக்குத்தான் இந்த ஹேண்ட்புக். எக்ஸாம்பிள் எல்லாம் நம்ம ஷாப்லேர்ந்து வரணும். டெக்ஸ்ட்புக்லேர்ந்து எடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

தலையாட்டினேன். மீட்டிங்கில் நான் பேசுவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"லீட் டைம்னா என்ன பாப்பா?"

"ஆர்டர் போட்ட நாள்லேர்ந்து சரக்கு வந்து சேர்ற நாள் வரைக்கும், மாமா."

"பூனாவிலேர்ந்து சீல் வர பதினொரு நாள். டிரைவர் ஹூப்ளியில மாமியார் வீட்டுக்குப் போனா பதிமூணு. எழுதிக்க."

"மாமியார் வீட்டையெல்லாம் எழுத முடியாது மாமா."

"அப்புறம் எதுக்கு உதாரணம் கேக்கறே?"

சீல் என்பது ஒரு கார்பன் வளையம். பம்பின் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுப்பது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அது இல்லாமல் ஒரு பம்பும் லைனைவிட்டு நகராது.

அசெம்பிளி லைன் சூப்பர்வைசர் ஓஸ்வால்ட் அப்போது உள்ளே வந்தார். பிரேசர் டவுன்காரர். மாமாவுக்கும் அவருக்கும் ஒரே வயது, சேர்ந்ததும் ஒரே வருடம்.

"என்ன எழுதறாங்க மேடம்?"

"பாட்டில்நெக், சார். எந்த இடத்துல வேலை தேங்கி நிக்குதோ அது."

"உங்க மாமா பேரை எழுதும்மா. ஒரு சீல் கேட்டா, கண்ணாடியைத் துடைச்சு, பின் கார்டுல எழுதி, முட்டியைப் புடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள என் லைன் செத்துப்போகுது."

"உன் லைன் உயிரோட இருக்கறதே என்னாலதான்டா. மார்ச்சுல யாரு குடுத்தா?"

"அதுக்காகத்தான் இன்னும் உனக்கு நாஷ்டா வாங்கித் தர்றேன்."

இருவரும் சிரித்தார்கள். மார்ச்சில் நடந்தது எனக்கும் தெரியும். பூனா லாரி வழியில் அச்சு முறிந்து ஐந்து நாள் நின்றுவிட்டது. ரேக்கில் ஒரு சீல்கூட இல்லை. மேனேஜர் கஸ்தூரிரங்கன் சாரே கீழே இறங்கி வந்தார். "முனி, டின்ல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். மாமா மூன்றாவது ரேக்குக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். அன்று லைன் நிற்கவில்லை.

அந்த டின் வந்த விதம் இது. கார்பன் வளையம் வழியில் உடையும். அதனால் பூனாக்காரர்கள் நூறு சீல் கொண்ட பெட்டியில் நூற்றிரண்டு போட்டு அனுப்புவார்கள். சலானில் நூறு என்றுதான் இருக்கும். எதுவும் உடையாத பெட்டியில் இரண்டு மிஞ்சும். மாமா அதை பின் கார்டில், அதாவது ஒவ்வொரு பொருளின் வரவு செலவையும் எழுதும் ரேக் அட்டையில், ஏற்றமாட்டார். கார்டில் ஏறிய சரக்கை லைன்காரர்கள் கேட்டு வாங்கித் தீர்த்துவிடுவார்கள் என்பார். மிஞ்சியது டின்னுக்குள் போகும். அதற்குத் 'தனி' என்று பெயர். இருபது வருடமாக அப்படித்தான்.

முப்பத்து மூன்றாவது சொல் சேஃப்டி ஸ்டாக். எதிர்பாராத தட்டுப்பாட்டுக்காக எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கும் சரக்கு. அர்த்தத்தைப் படித்துச் சொன்னதும் மாமா உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தார்.

"இது நம்ம தனி ஆச்சே."

"அதுதான் மாமா."

"இதுக்கு இங்கிலீஷ்ல பேரே இருக்குதா? என் பேரு போடுவியா பாப்பா?"

போடுகிறேன் என்றேன். அன்றைக்கே எழுதினேன். 'நம் ஸ்டோர்ஸில் திரு. முனிகிருஷ்ணன் மூன்றாவது ரேக்கின் பின்னால் ஒரு டின்னில் சீல்களைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். கடந்த மார்ச்சில் பூனா லாரி வராதபோது அவை லைனைக் காப்பாற்றின. இது சேஃப்டி ஸ்டாக்.' எழுதியதில் எனக்குப் பிடித்த உதாரணம் அதுதான்.

கையெழுத்துப் பிரதி முதலில் கஸ்தூரிரங்கன் சாரிடம் போனது. அவருடைய அப்பா மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவராம். அந்த வீட்டுப் பழக்கமோ என்னவோ, அவர் பச்சை மசியில்தான் எழுதுவார். என்னை எதிரே நிற்கவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

டெட் ஸ்டாக் என்ற சொல்லில் பேனா நின்றது. விலைபோகாமல் கிடக்கும் சரக்கு. நான் எழுதிய உதாரணம், ஸ்டோர்ஸின் கடைசிச் சுவரோரம் நான்கு வருடமாகக் கிடந்த இருநூறு பித்தளை இம்பெல்லர்கள், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள். ஏதோ ஓர் ஆர்டர் வருமென்று நம்பி அவர் வாங்கிப் போட்டவை. ஆர்டர் வரவில்லை. யார் வாங்கினார்கள் என்று நான் எழுதவில்லை.

"இது வேண்டாமே" என்று குறுக்கே கோடு போட்டார். "காலாவதியான பெயின்ட் டப்பான்னு போடு. எல்லா ஃபாக்டரியிலும் இருக்கும்."

முப்பத்து மூன்றில் சிரித்தார்.

"முனி இன்னும் அந்த டின்னை விடலையா? பேஷ்." பக்கத்தில் டிக் போட்டு, இனிஷியலும் தேதியும் இட்டார்.

கீழே வந்து மாமாவிடம் சொன்னேன். "சார் டிக் போட்டுட்டாரு மாமா. உங்க பேரோட." அவர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பெயின்ட் டப்பாவை மாற்றி எழுதி, எல்லாவற்றையும் டைப் செய்து கிரண் சாரிடம் கொடுத்தேன். கையெழுத்துப் பிரதியைக் கேட்பாரில்லை. அது என் மேஜை டிராயரில் இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் ஸ்டோர்ஸ் முழுவதையும் எண்ணிப் பார்க்கும் வேலை தொடங்கவிருந்தது. கிரண் சார் என்னைக் கூப்பிட்டார். டைப் செய்த தாளில் முப்பத்து மூன்றாவது சொல்லைப் பேனாவால் தட்டினார்.

"வெரி நைஸ். இது நிஜமா, இல்ல நீங்களா எழுதினதா?"

"நிஜம் சார்."

"எத்தனை பீஸ் இருக்கும்?"

"அறுபது, எழுபது இருக்கும் சார்."

"பின் கார்டு?"

"பின் கார்டுல இல்ல சார்."

"கேட்ல என்ட்ரி?"

"அதுலயும் இல்ல சார். சலான்ல நூறுதான் போடுவாங்க."

கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். காலேஜில் வைவாவின்போது இருந்த சந்தோஷம் அது. அவர் குறித்துக்கொண்டார். குட், என்றார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குப் பெர்சனல் ஆபீசர் உமேஷ் சார் இரண்டு செக்யூரிட்டிகளோடு வந்தார். நேராக மூன்றாவது ரேக்குக்குப் போனார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. டின் வெளியே வந்தது. மாமா தானே மூடியைத் திறந்து கொடுத்தார். அது ஒட்டிக்கொள்ளும், தட்டித் திறக்க வேண்டும்.

"அறுபத்து மூணு" என்றார் மாமா, அவர்கள் எண்ணி முடிப்பதற்குள். எண்ணினார்கள். அறுபத்து மூன்று.

சீல்களைத் துணிப்பையில் கட்டி அரக்கு வைத்தார்கள். மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். கணக்கில் வராத கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோகும் நோக்கத்துடன் மறைத்து வைத்தது என்று தாளில் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட பிறகு நான் படித்தேன்.

"என்ன பாப்பா எழுதியிருக்கு?"

நான் சொல்லவில்லை. உமேஷ் சார் கன்னடத்தில் சொன்னார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"வெளிய கொண்டு போறதா? இந்த சீல் நம்ம பம்புக்குத்தான் சார் ஆகும். வெளிய கொண்டுபோயி நான் என்ன, வடைன்னு விக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் சஸ்பென்ஷன்.

எண்ணும் வேலை முடிந்தது. அந்த வருட அறிக்கையில் இருந்த பெரிய விஷயம் டின்தான். இருநூறு இம்பெல்லர்கள் ஒரு வரியில் அடங்கிப் போயின.

விசாரணைக்கு முந்தின நாள் கஸ்தூரிரங்கன் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

"அப்பாக்கு எப்படி இருக்கு?"

"பரவால்ல சார்."

"நடக்கறாரா?"

"கம்பு புடிச்சுண்டு..." என்று அவர் பாணியிலேயே வந்துவிட்டது. திருத்தி, "கம்பு புடிச்சிக்கிட்டு நடக்கறாரு சார்" என்றேன்.

"நல்லது. பாரும்மா, நாளைக்கு உன்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவா. நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு. நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு. ஆயிரம் பேப்பர் என் மேஜைக்கு வர்றது. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கலைன்னு எனக்கே ஞாபகம் இல்லை. உனக்கு எப்படி இருக்கும்?" ஒரு ஃபைலை நகர்த்தி வைத்தார். "உன் கன்ஃபர்மேஷன் இந்த மாசம். நல்லபடியா எழுதியிருக்கேன்."

அவர் மிரட்டவில்லை. அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவர் மிரட்டவில்லை.

விசாரணை கேன்டீனுக்கு மேலிருந்த அறையில் நடந்தது. ஜன்னல் வழியாகச் சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. மாமா வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். முதலில் ஓஸ்வால்டைக் கேட்டார்கள்.

"எனக்கு சீல் வந்துச்சு சார். எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல" என்றார். மாமாவைப் பார்க்காமல் சொன்னார்.

கஸ்தூரிரங்கன் சார் சொன்னது இன்னும் குறைவு. "இப்படி ஒரு டின் இருப்பது எனக்குத் தெரியாது."

மாமா எழுந்து நின்றார். கோபம் இல்லை. தப்பாகக் கூட்டிவிட்ட கணக்கைத் திருத்தப் போகிறவர்போல இருந்தார்.

"சாருக்கு மறந்திருக்கும். மார்ச்சுல அவரே வந்து கேட்டு வாங்கினாரு. அதுவும் வேணாம். இந்தப் பாப்பா புஸ்தகத்துக்கு எழுதிச்சே, அதுல சார் பாத்து டிக் போட்டிருக்காரு. பச்சை இங்க். பாப்பாவையே கேளுங்க."

உமேஷ் சார் என் பக்கம் திரும்பினார்.

"ஹேளம்மா, சொல்லு. இந்தப் பக்கத்தை மேனேஜர் சார் பார்த்தாரா?"

எல்லோரும் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார், கொஞ்சம் சிரிப்போடு. பயப்படாதே, சொல்லு என்பதுபோல. சின்ன வயதிலிருந்தே நான்கு பேர் பார்த்தால் எனக்குக் குரல் வராது. ஆனால் அன்று குரல் வந்தது.

"ஞாபகம் இல்ல சார்."

உமேஷ் சார் எழுதிக்கொண்டார். மாமா உடனே உட்காரவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த தம்ளரை நகர்த்தி, அதன் அடியில் இருந்த ஈர வட்டத்தைக் கையால் துடைத்தார்.

அன்று சாயங்காலம் டிராயரில் இருந்த கையெழுத்துப் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி அவரை டிஸ்மிஸ் செய்தார்கள். திருட்டு என்று போட்டிருந்தது. அதே வாரத்தில் நான் பெர்மனென்ட் ஆனேன். ஸ்வீட் கொடுக்க வேண்டும் என்று கேன்டீனில் சொன்னார்கள். கொடுத்தேன். ஓஸ்வால்ட் எடுத்துக்கொள்ளவில்லை. "சுகர்ம்மா" என்றார்.

டிசம்பரில் பூனா லாரி மறுபடி வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் சீல் என்ற வரி சிவப்பாக மாறியது. அது மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சிவப்பு என்றால் இல்லை என்று பொருள். லைன் நின்றது. ஓஸ்வால்ட் வந்து ஸ்டோர்ஸ் வாசலில் நின்றார். பழக்கத்தில் மூன்றாவது ரேக்கைப் பார்த்தார்.

இரண்டாவது நாள் மதியம் கஸ்தூரிரங்கன் சாரும் உமேஷ் சாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெர்சனல் டிபார்ட்மென்ட் பீரோவிலிருந்து துணிப்பை வந்தது. அரக்கை உடைத்தார்கள். அறுபத்து மூன்று சீல்களும் லைனுக்குப் போயின. லைன் ஓடியது.

எதன் கீழ் என்ட்ரி போடுவது என்று கிரண் சாருக்கு போன் செய்து கேட்டேன்.

"சிம்பிள். சேஃப்டி ஸ்டாக்னு ஒரு ஃபீல்ட் இருக்கு பாருங்க. அதுல அறுபத்து மூணு போட்டு இஷ்யூ பண்ணிடுங்க. இனிமே மினிமம் அறுபதுன்னு ஃபிக்ஸும் பண்ணிடலாம்" என்றார்.

போட்டேன்.

ஜனவரியில் ஹேண்ட்புக் அச்சாகி வந்தது. நீல அட்டை. முப்பத்து மூன்றாவது சொல்லின் கீழே என் வாக்கியங்களே இருந்தன, பெயர் மட்டும் இல்லை. 'நம் ஸ்டோர்ஸில் சீல்கள் எப்போதும் அறுபது தனியாகச் சேர்த்து வைக்கப்படுகின்றன.' புதிதாகச் சேர்பவர்களுக்குப் புதன்கிழமைதோறும் நான்தான் அதை நடத்துகிறேன். நடத்துவதற்குப் பழகிவிட்டேன். முப்பத்து மூன்றுக்கு வரும்போது உதாரணத்தை அவர்களையே படிக்கச் சொல்லிவிடுவேன்.

மாமா லேபர் கோர்ட்டுக்குப் போனார். இந்திராநகரில் ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை. திருட்டு என்று கடிதத்தில் இருப்பது அந்த அபார்ட்மென்ட்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் அதுவும் போய்விடும் என்று அம்மா சொன்னாள். எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வருவதில்லை. அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு இரண்டு முறை அவரைப் பார்க்கப் போனார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி தனக்கோடி அத்தை வந்தார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"மகா, ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னு. அவருக்குத் தெரியாது நான் வந்தது. தெரிஞ்சா வையும்."

"சொல்லுங்க அத்தே."

"வக்கீலு சொல்றாரு, மேனேஜரு கையெழுத்து போட்ட பேப்பரு ஒண்ணு இருந்தா போதும், கேசு நம்ம பக்கம்னு. நீ எழுதினியே, அந்தப் பேப்பரு. இவரு சொல்றாரு, அதெல்லாம் இருக்காது, கம்பெனிக்காரன் கிழிச்சிருப்பான், பாப்பாவைத் தொந்தரவு பண்ணாதேன்னு. எனக்குத்தான் மனசு கேக்கல."

கையில் ஈரத் துணி இருந்தது. உதறினேன்.

"அது கம்பெனியிலதான் அத்தே இருந்துச்சு. இப்போ என்கிட்ட இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு கண்ணு."

"இல்ல அத்தே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை வாசலில் இருந்த துளசிச் செடியில் ஊற்றி, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏதோ, உனக்காவது வேலை நிலைச்சுதே" என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அத்தை வந்துபோய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. மாமாவுக்கு ரிடையர் ஆகும் வயது அடுத்த வருடம் வந்துவிடும். அதற்குப் பிறகு ஜெயித்தாலும் அவர் ஸ்டோர்ஸுக்குள் வர முடியாது. போன மாதம் அல்சூர் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டையில் இருந்தார். அவரும் பார்த்தார். கையை உயர்த்தப் போனவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நான் வராத பஸ்ஸைத் தேடுவதுபோல ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்துப் பிரதியின் அந்தப் பக்கம் என் காலேஜ் ரெக்கார்டு நோட்டுக்குள் இருக்கிறது. நோட்டு பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்கு அடியில். பச்சை மசியின் சாயம் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும் என்று படித்திருக்கிறேன். அதனால் அதை வெளியே எடுப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முறை கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது மட்டும் திறந்து பார்ப்பேன். டிக், இனிஷியல், தேதி, எல்லாம் அப்படியே இருக்கின்றன.